கத்தி செய்கிறவரின் பேர் எதில் நிற்கிறது

ஒரே அளவு, ஒரே வகை எஃகு, பார்க்கவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வேட்டைக் கத்திகள். ஒன்று 300 டாலர், இன்னொன்று 3,000 டாலர். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, இந்த வித்தியாசம் எதுக்கு என்பதுதான். "பேருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பேரை யார் கொடுத்தது, எதன் மேல் அது நிற்கிறது, எப்போது சரிகிறது என்று கத்தி சேகரிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கணக்கில் பேசுவோம். நான் பார்த்துப் பழகியது அமெரிக்காவில் தனி ஆட்கள் தங்கள் பட்டறையில் கையால் செய்கிற கத்திகள் என்பதால் என் பேச்சும் அங்கேதான் சுற்றும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் செய்ததிலேயே சிறந்த கத்தியை வைத்து அவரை எடை போடக் கூடாது. போட்டிக்கு, கண்காட்சிக்கு, பத்திரிகை அட்டைப் படத்துக்கு என்று உயிரைக் கொடுத்து ஒரு கத்தி செய்ய நிறைய பேரால் முடியும். அவர் கையை விட்டுப் போனதிலேயே சுமாரான கத்தி எது, அது எவ்வளவு சுமார் என்று தேடிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலையில், அவசரத்தில், பணமுடையில் செய்த கத்தியும் உருப்படியாக இருந்தால் அந்தப் பேர் நிற்கும். பிசகிப்போன கத்தியைக் குப்பையில் போடுகிற மனசு அவருக்கு இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

பாப் லவ்லெஸ் பெயரைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1950-களின் முதல் பாதியில் கப்பலில் வேலை பார்த்த ஆள். நியூயார்க்கில் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்கு (அன்றைக்கு அது வேட்டைச் சாமானுக்குப் பேர் போன கடை) ஃப்ளோரிடாவில் போ ராண்டல் செய்கிற கத்தி ஒன்று வாங்கப் போகிறார். ஒன்பது மாசம் ஆகும் என்கிறார்கள். அவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்று, பழைய கார் ஒன்றின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தானே ஒரு கத்தி செய்துகொள்கிறார். கொஞ்ச காலத்தில் அதே கடை அவர் செய்த கத்திகளை விற்கிறது. அவர் பிரபலமாக்கிய டிராப் பாயின்ட் வடிவத்தில் கத்தியின் முனை முதுகுக்கோட்டிலிருந்து மெல்லச் சரிந்து கீழே இறங்கும், அதனால் மானை உரிக்கும்போது முனை குடலைக் குத்திக் கிழிக்காது. அழகுக்காகச் செய்ததில்லை, வேலைக்காகச் செய்தது. ஜெட் என்ஜின் பாகங்களுக்கு என்று வந்த 154சிஎம் எஃகை 1970-களின் தொடக்கத்தில் கத்திக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 2010-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இறந்தார். இன்றைக்கு அவர் கத்தி பல ஆயிரம் டாலருக்குப் போகிறது, ஜப்பானில் அவருக்கென்றே உயிரை விடுகிற கூட்டம் இருக்கிறது. கத்தியில் டெலவேர் மெய்ட் என்று இருக்கிறதா, லாண்டேல் என்று ஊர்ப் பெயர் இருக்கிறதா, ரிவர்சைடா என்று முத்திரையை வைத்தே காலம் சொல்லி, காலத்தை வைத்து விலை சொல்கிறார்கள்.

ஆனால் லவ்லெஸ் பேரை எனக்கு உறுதிப்படுத்தியது ஏலத்தொகை இல்லை. உலகம் முழுக்க எத்தனையோ கத்தி செய்கிறவர்கள் அவருடைய வடிவத்தை அப்படியே எடுத்துச் செய்கிறார்கள், அதை மறைப்பதும் இல்லை. "இது லவ்லெஸ் பாணி" என்று பெருமையாகவே சொல்லி விற்கிறார்கள். அவரிடம் கேட்டால் எப்படிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொடுப்பார், கூட வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் மாதிரி ஆட்கள் பிறகு தனியாகவே பெரிய பேர் எடுத்தார்கள். ஒரு துறையில் இருக்கிறவர்களே ஒருவரை ஒத்துக்கொள்வது சும்மா வராது. அதனால் நான் எப்போதும் விசாரிக்கிற ஒன்று: கத்தி செய்கிறவர்கள் தங்கள் சொந்தக் காசில் யாருடைய கத்தியை வாங்குகிறார்கள்? கண்காட்சியின் கடைசி நாளில், கூட்டம் குறைந்ததும், பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய் எந்த மேசையில் பணம் கொடுக்கிறார் என்று கவனியுங்கள். எந்த விருதும் எனக்கு அந்த அளவுக்குத் தகவல் சொன்னதில்லை.

சரி, கத்தியைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? வருஷா வருஷம் கோடைத் தொடக்கத்தில் அட்லான்டாவில் பிளேடு ஷோ நடக்கும், வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் செய்தவரே நிற்பார். எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், கூரில் விரல் வைத்துத் தேய்க்கக் கூடாது, வியர்வைக் கையோடு பிளேடைத் தொடக் கூடாது, இதெல்லாம் அடிப்படை மரியாதை. நான் முதலில் கத்தியை முதுகு மேலே இருக்கும்படி பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து முனை வரைக்கும் நேராகப் பார்ப்பேன். முதுகு ஒரே சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும், எங்காவது வயிறு தள்ளியிருந்தால் சாணையில் கை நடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சரிவு தொடங்குகிற கோடு, ப்ளஞ்ச் லைன் என்பார்கள், இடது பக்கமும் வலது பக்கமும் அது ஒரே இடத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பக்கத்தைச் சாணை பிடிக்கும்போது வலது கை முன்னால் இருக்கும், மறுபக்கம் திருப்பினால் எல்லாமே தலைகீழ். அதனால் இரண்டு கோடும் மயிரிழை பிசகாமல் சந்திக்கிறது என்றால் அதற்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது.

பிறகு ஜன்னல் வெளிச்சமோ டியூப் லைட்டோ பிளேடின் மேல் விழும்படி பிடித்து மெதுவாகச் சாய்ப்பேன். வெளிச்சக் கோடு நேராக வழுக்கிக்கொண்டு போனால் தளம் சமம். நடுவில் நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது, எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அதை மறைக்க முடியாது, பாலிஷ் அதிகமானால் இன்னும் நன்றாகத் தெரியும். கை பிளேடுக்கு வழுக்காமல் தடுக்கிற கார்டும் பிளேடும் சேருகிற இடத்தில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி கூட இருக்கக் கூடாது, இருந்தால் ரத்தமும் தண்ணீரும் உள்ளே இறங்கித் துருப் பிடிக்கும். பிடியில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் ஓட்டை பெரிதாகப் போட்டுவிட்டுப் பசையால் நிரப்பியிருக்கிறார். மரக்கட்டையும் இரும்பும் சேருகிற கோட்டில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. தோல் உறையையும் விடாதீர்கள். பிளேடில் பிராணனைக் கொடுத்துவிட்டு உறையைக் கடனே என்று தைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறை, ஏனென்றால் கத்தி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்குள்தான் கழிக்கப் போகிறது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. கத்தியின் உயிர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. எஃகைச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்துகிற வேலை சரியாக நடந்ததா என்று மேசையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரி மின்னுகிற கத்தி உள்ளுக்குள் தகரமாக இருக்கலாம், இல்லாவிட்டால் கீழே விழுந்தால் முனை தெறிக்கிற அளவுக்கு முறுகிப்போயிருக்கலாம். இங்கேதான் பேர் என்பது நிஜமாகவே வேலைக்கு வருகிறது, நாம் பார்க்க முடியாத ஒன்றுக்குக் கொடுக்கிற நம்பிக்கை அது.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன். 1973-இல் கத்தி செய்கிறவர்கள் சங்கத்தின் கண்காட்சியில் அடுக்கடுக்காக மடித்து அடித்த டமாஸ்கஸ் பிளேடுகளைக் கொண்டுவந்து வைத்து எல்லாரையும் வாயடைக்க வைத்தவர். 1976-இல் அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். அங்கே மாஸ்டருக்கு அடுத்த கீழ்ப்படியான ஜர்னிமேன் பட்டம் வாங்க ஒரு சோதனை உண்டு. தானே அடித்துச் செய்த கத்தியால், தொங்குகிற ஓர் அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு வீடு கட்டப் பயன்படுகிற இரண்டுக்கு நான்கு மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே கத்தி, நடுவில் தீட்டக் கூடாது, அதோடு கையில் இருக்கிற ரோமத்தைச் சிரைத்துக் காட்ட வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள், ஓரத்தில் விரிசல் ஓரளவு விழலாம், உடைந்துவிடக் கூடாது. விளிம்பைக் கடினமாகவும் முதுகை இளக்கமாகவும் வைக்கத் தெரிந்தவரால்தான் இதைத் தாண்ட முடியும். இது போக ஐந்து கத்திகளை நடுவர்கள் முன்னால் வைத்து வேலைப்பாட்டிலும் தேற வேண்டும். மாஸ்டர் பட்டத்துக்கு இதே சோதனையை 300 அடுக்குக்குக் குறையாத டமாஸ்கஸ் பிளேடில் செய்ய வேண்டும்.

கத்தியில் ஜேஎஸ் (ஜர்னிமேன்), எம்எஸ் (மாஸ்டர்) என்ற எழுத்துகளைப் பார்த்தால் சேகரிப்பவர்கள் மதிப்புக் கொடுப்பது இதனால்தான். நானும் கொடுக்கிறேன். ஆனால் அது அந்த ஆளுக்கு அந்த வித்தை தெரியும் என்பதற்குத்தான் சாட்சி, நான் வாங்குகிற கத்திக்கு இல்லை. சோதனைக் கத்தி வளைந்து நெளிந்து அங்கேயே தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது. அதோடு, வளைந்தும் உடையாத கத்திதான் எல்லா வேலைக்கும் நல்ல கத்தி என்றும் சொல்ல முடியாது. காய் நறுக்குகிற கத்தியை யாரும் 90 டிகிரி வளைக்கப் போவதில்லை. பட்டம் இல்லாத, அந்தச் சங்கத்தில் சேராத அருமையான ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், லவ்லெஸே எஃகைச் சாணையில் செதுக்கிச் செய்தவர்தான், அடித்துச் செய்கிற பள்ளியைச் சேர்ந்தவர் இல்லை.

டமாஸ்கஸ் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மோரன் செய்தது வேறு வேறு எஃகுகளை அடுக்கி உலையில் ஒட்ட வைத்து அடிப்பது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிப் பாரசீகம் வரைக்கும் போன வூட்ஸ் எஃகு முற்றிலும் வேறு. அதில் கோலம் வெளியிலிருந்து வருவதில்லை, எஃகு ஆறும்போதும் அதைச் சூடாக்கி அடிக்கும்போதும் உள்ளேயே உருவாகிறது. ஃப்ளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த ஆல் பெண்ட்ரே, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனுடன் சேர்ந்து பல வருஷம் உருக்கி உருக்கிப் பார்த்து, தாதுவில் மிகச் சொற்பமாக இருக்கிற வனேடியம் மாதிரியான தனிமங்கள்தான் அந்தக் கோலத்துக்குக் காரணம் என்று 1990-களில் காட்டினார். ரகசியம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டாமல் எடை, சூடு, நேரம் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்கள். பெண்ட்ரே பெயரை இந்தத் துறையில் எல்லாரும் மரியாதையோடு சொல்வதற்கு அது ஒரு காரணம். அதே சமயம் அடுக்கு எஃகை "தொலைந்துபோன பழங்கால வித்தை" என்று கதை கட்டி விற்கிற ஆள் என்றால், கத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். எஃகு விஷயத்தில் கதை விடுகிறவர் பதப்படுத்திய விஷயத்தில் மட்டும் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது?

இந்த நேர்மை விஷயத்தில் அடிக்கடி சண்டை வருகிற இடம், எல்லாவற்றையும் ஒருவரே செய்தாரா என்பது. சிலர் பிளேடு வடிவத்தை, தண்ணீரைப் பீய்ச்சி வெட்டுகிற வாட்டர்ஜெட் மெஷினில் வெட்டி வாங்குவார்கள், சிலர் எஃகைப் பதப்படுத்துகிற ஹீட் ட்ரீட்மென்டை வெளியே கொடுப்பார்கள், உறையை வேறு ஒருவர் தைப்பார். பால் பாஸ் என்று ஒருவர், பக் என்ற கத்தி நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கியவர், பெரிய பெரிய ஆட்களெல்லாம் பதப்படுத்த அவரிடம்தான் அனுப்பினார்கள், "பால் பாஸ் பதப்படுத்தியது" என்பதே கத்திக்கு ஒரு கூடுதல் மதிப்பு. அதில் எந்தக் குறையும் இல்லை, என்னைக் கேட்டால் அரைகுறையாகத் தானே செய்வதைவிடத் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். கேட்டதும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முழுக்கக் கைவேலை என்று விலை வைத்துவிட்டு, பாதியை மெஷினில் வெட்டி வாங்கியது பிறகு தெரிய வந்தால் அந்தப் பேர் ஒரே வாரத்தில் போய்விடும், திரும்ப எடுக்கப் பத்து வருஷம் ஆகும்.

அடுத்தது பணமும் வாக்கும். நல்ல பேர் எடுத்தவரிடம் ஆர்டர் கொடுத்தால் காத்திருக்கத்தான் வேண்டும். ராண்டல் பட்டறையில் இன்றைக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், யாரும் கோபப்படுவதில்லை, ஏனென்றால் சொன்னபடி வரும் என்று தெரியும். தாமதம் யார் பேரையும் கெடுப்பதில்லை, மௌனம்தான் கெடுக்கிறது. எனக்குத் தெரிந்து ஒருவர், கை அவ்வளவு சுத்தமான கை, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்தார். உடம்பு சரியில்லை, வீட்டில் கஷ்டம், எதுவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாரும் பொறுத்திருப்பார்கள். இப்போது அவருடைய பழைய கத்திகளைக் கூட விற்கக் கொண்டுபோனால் வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழைய சேகரிப்பாளர்கள் பலர் முன்பணமே கேட்காத ஆளிடம்தான் ஆர்டர் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்த மாதிரி அனுபவங்கள்தான்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று பார்த்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற ஒரு கத்தியின் மரப்பிடி, குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றில் காய்ந்து சுருங்கி, இரும்பு விளிம்பு விரலில் தட்ட ஆரம்பித்தது. வாங்கி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது, நான் அதை முதல் கையாகக் கூட வாங்கவில்லை. செய்தவருக்கு ஒரு படம் அனுப்பினேன். "யார் வாங்கினால் என்ன, என் பேர் அதில் இருக்கிறது, அனுப்புங்கள்" என்றார். கட்டையை மாற்றி, கேட்காமலேயே கூரையும் புதுசாகத் தீட்டி, போக்குவரத்துச் செலவு கூட வாங்காமல் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து அவரைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பேர் இப்படித்தான் பரவுகிறது.

விலையை வைத்துப் பேரை அளக்கலாமா? அளக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். புதுக் கத்தி மேசைக்கு வந்த அன்றைக்கே குலுக்கலில் விற்றுப்போய், மறுநாள் இரண்டு மடங்கு விலைக்கு இன்னொருவர் விற்றால் அது பேர் இல்லை, சூடு. நாலு பேர் சேர்ந்து வாங்கி விற்றாலே அந்தச் சூட்டைக் கிளப்பிவிடலாம், தானே நிறையச் சரக்கு வைத்திருக்கிற வியாபாரி ஒருவரைப் புகழ்ந்து பேசும்போது நான் காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. பத்து, பதினைந்து வருஷம் முன்னால் செய்த கத்தி, செய்தவர் பக்கத்தில் இல்லாதபோது, அவரை நேரில் தெரியாத ஒருவரிடம் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் நான் நம்புகிற விலை. அப்படிப் பழைய கத்தி கிடைத்தால் விலை படியாவிட்டாலும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல தடவை தீட்டிக் கூர் மேலேறிய கத்தி, வேட்டைக்குப் போய்வந்த கத்தி. பிடி ஆடுகிறதா, கார்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, உறையின் தையல் விட்டிருக்கிறதா. உபயோகித்தவரிடம் கேளுங்கள், கூர் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை மான் உரித்த பிறகு கல்லைத் தேடினீர்கள் என்று. பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிற பத்து சேகரிப்பாளர்களின் பாராட்டைவிட அந்த ஒரு ஆளின் பதில் எனக்குப் பெரிது.

இன்னும் பேர் எடுக்காத புதியவர்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள், ஏனென்றால் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைப்பது அவர்கள் கத்திதான். ஒருவரைப் பிடித்துப்போனால் உடனே வாங்காமல் மேசையில் இருக்கிற எல்லாக் கத்தியையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன், விலை குறைந்ததை ரொம்ப நேரம் பார்ப்பேன். எந்த எஃகு, எந்தச் சூட்டில் தோய்த்தீர்கள், எத்தனை தடவை பதப்படுத்தினீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும், சொல்லும்போது கண்ணில் ஒரு ஆர்வம் வர வேண்டும். கடைசியாக, நீங்கள் வீட்டில் உபயோகிக்கிற கத்தி இங்கே இருக்கிறதா என்று கேட்பேன். பலர் சிரித்துக்கொண்டே பைக்குள்ளிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுத்துத் தருவார்கள். கீறலும் கறையுமாக, பிடியில் எண்ணெய் ஏறி, பாலிஷ் எல்லாம் போயிருக்கும். அந்தக் கத்தியிலும் இரண்டு பக்கக் கோடும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, கார்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், அவர் மேசையில் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.